ஆர்டி-11இல் டிஎல் ஹேண்ட்லர் முரண்டு பிடித்தால்: பிடிபி-11/23, ஆர்எல்02 டிரைவைச் சோதிக்கும் முறை

கேள்வியின் சாரம் இது: பிடிபி-11/23 (டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய மினி கணினி), ஆர்எல்வி12 கன்ட்ரோலர் போர்டு, அது இயக்கும் இரண்டு ஆர்எல்02 டிரைவ் (கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் டிஸ்க்). ஆர்எக்ஸ்02 ஃபிளாப்பியிலிருந்து ஆர்டி-11 இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பு எஃப்பி மானிட்டரோடு (மானிட்டர் என்றால் இங்கே திரை அல்ல, இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் ஆகிறது. 'ஷோ டிவைசஸ்' கொடுத்தால் டிஎல் (ஆர்எல் டிரைவுகளுக்கு ஆர்டி-11 வைத்த பெயர்) எதிரே 'நாட் இன்ஸ்டால்டு' என்று வருகிறது. சிஎஸ்ஆர் (கன்ட்ரோலரின் கட்டுப்பாட்டு, நிலை ரிஜிஸ்டர்) முகவரியை மாற்றிப் போட்டதும் இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் 'டைரக்டரி டிஎல்0:' என்றால் சில நேரம் அப்படியே உறைந்துபோகிறது, சில நேரம் ஹார்டு எர்ரர் வருகிறது. வேறொரு ஃபிளாப்பியிலிருந்து டிஎல்.எஸ்ஒய்எஸ் கோப்பைக் கொண்டுவந்து போட்டும் பலனில்லை. கோளாறு ஹேண்ட்லரிலா (டிரைவை இயக்கும் நிரல், அதாவது டிஎல்.எஸ்ஒய்எஸ்), டிரைவிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. கன்ட்ரோலர் போர்டில் ஜம்பர் சொல்வது ஒன்று, டிஸ்கில் உள்ள ஹேண்ட்லர் கோப்பு நம்புவது ஒன்று, நினைவகத்தில் ஏற்கெனவே ஏறி நிற்கும் பிரதி நினைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இவற்றுக்குள் ஒத்துப்போகாததுதான் வழக்கமான காரணம். ஹேண்ட்லர் கோப்பை மாற்றி மாற்றிப் போடுவது இந்தக் குழப்பத்தில் நான்காவது ஒன்றைச் சேர்க்கும், அவ்வளவே. ஆகவே ஆர்டி-11ஐ முதலில் ஒதுக்கி வையுங்கள். ஹேண்ட்லரே இல்லாமல் கன்ட்ரோலரோடு நேரடியாகப் பேசிப் பாருங்கள். அதற்குத்தான் கன்சோல் ஓடிடி (நினைவகத்தையும் ரிஜிஸ்டர்களையும் நேரடியாகப் பார்த்து மாற்றும் வசதி) இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. டிரைவில் உரசல் சத்தமோ கருகிய வாடையோ வந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கார்ட்ரிட்ஜை எடுத்து அடுத்த டிரைவில் போட்டுப் பார்க்காதீர்கள். பழுதான பரப்பு நல்ல ஹெட்டையும், அந்த ஹெட் அடுத்த நல்ல கார்ட்ரிட்ஜையும் கெடுத்துக்கொண்டே போகும். சத்தம் சரியாக இருந்தாலும் சோதனை முடியும்வரை டிரைவின் ரைட் புரொடெக்ட் பொத்தானை அழுத்தியே வையுங்கள்.

முன்பலகையின் ஹால்ட் சுவிட்சைப் போட்டால் '@' குறி வரும். 11/23இன் ஓடிடி 18 பிட் முகவரி கேட்கும். ஆர்டி-11இல் 174400 என்று எழுதும் அதே ரிஜிஸ்டரை இங்கே 774400 என்று தட்ட வேண்டும். 11/73 ஆனால் 17774400. ஓடிடியில் தட்டும், தெரியும் எல்லா எண்களும் ஆக்டல் (எட்டடி எண்). இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

774400/ என்று தட்டுங்கள். கேள்விக்குறி வந்தால் அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. போர்டின் முகவரி ஜம்பர்கள் வேறு இடத்தைக் காட்டுகின்றன, அல்லது போர்டு சரியாக அமரவில்லை. இந்த நிலையில் ஆர்டி-11 'நாட் இன்ஸ்டால்டு' என்று சொல்வது முழுக்க நியாயம். ஹேண்ட்லர் கோப்பின் முதல் பிளாக்கில் 176ஆம் இடத்தில் சிஎஸ்ஆர் முகவரி எழுதப்பட்டிருக்கும். பூட் ஆகும்போது மானிட்டர் அந்த முகவரியைத் தொட்டுப் பார்க்கிறது. பஸ் டைம்அவுட் ஆனால் ஹேண்ட்லரை விட்டுவிடுகிறது. நீங்கள் சிஎஸ்ஆர் மதிப்பை மாற்றியதும் இன்ஸ்டால் ஆனது என்றால், புதிய முகவரியில் ஏதோ ஒரு போர்டு பதில் சொல்கிறது என்பது மட்டுமே உறுதி. அது ஆர்எல்வி12தானா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஜம்பரை வழக்கமான 174400க்கும் வெக்டரை (இன்டரப்ட் வந்ததும் பிராசஸர் போய்ப் பார்க்கும் முகவரி) 160க்கும் திருப்பி வைத்துவிட்டு, ஹேண்ட்லரையும் அதே மதிப்புகளுக்குக் கொண்டுவருவதுதான் நல்லது என்பது என் கருத்து. பிறகு வேறு எந்த நகல் டிஸ்கைப் போட்டாலும் வேலை செய்யும்.

கேள்விக்குறி வராமல் 000200 அல்லது 000201 வந்தால் நல்ல சகுனம். 200 என்றால் கன்ட்ரோலர் தயார். கடைசி 1 என்றால் தேர்ந்தெடுத்த டிரைவும் தயார்.

அடுத்து டிரைவின் நிலையைக் கேளுங்கள். 774404இல் 13 எழுதுங்கள். இது பழைய பிழைகளை அழித்து நிலையைச் சொல் என்ற கட்டளை. பிறகு 774400இல் 4 எழுதுங்கள். டிரைவ் 1 என்றால் 404. இப்போது 774406ஐத் திறந்தால் நிலைச் சொல் (டிரைவின் நிலையைப் பிட்டுகளாகக் காட்டும் 16 பிட் எண்) கிடைக்கும்.

ஆர்எல்02 தயாராக இருந்தால் 000235 வர வேண்டும். ரைட் புரொடெக்ட் அழுத்தியிருப்பதால் உங்களுக்கு 020235 வரும். கடைசி இலக்கம்தான் முக்கியம்: 0 என்றால் கார்ட்ரிட்ஜ் ஏற்றக் காத்திருக்கிறது, 1 சுழற்சி வேகம் பிடிக்கிறது, 2 பிரஷ் ஓடுகிறது, 3 ஹெட் ஏறுகிறது, 4 தேடுகிறது, 5 டிராக்கில் பூட்டி நிற்கிறது, 6 ஹெட் இறங்குகிறது, 7 வேகம் குறைகிறது. 5 வராதவரை ஹேண்ட்லரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 200 பிட் இல்லாமல் 35 மட்டும் வந்தால் எதிரே இருப்பது ஆர்எல்01. ஆர்எல்01 கார்ட்ரிட்ஜை ஆர்எல்02 டிரைவ் படிக்காது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால் இதில் ஏமாறுவது எளிது.

மேல்பக்கப் பிட்டுகளில் 000400 எழுந்தால் டிரைவ் தேர்வுப் பிழை. இரண்டு டிரைவிலும் ஒரே எண் பிளக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ரெடி விளக்கின் மூடிதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. 001000 என்பது வால்யூம் செக். கார்ட்ரிட்ஜ் புதிதாகச் சுழலத் தொடங்கிய பின் இது இருப்பது இயல்பு, மேலே சொன்ன 13 கட்டளை அதை அழித்துவிடும். அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவ் இடையிடையே விழுந்து எழுகிறது என்று பொருள். 004000 சுழற்சி வேகப் பிழை, 010000 தேடல் நேரம் கடந்தது. ஃபால்ட் விளக்கு தொடர்ந்து எரிந்தால் வரிசையின் கடைசி டிரைவில் டெர்மினேட்டர் இருக்கிறதா, கேபிளின் இரு முனையும் நேராகச் செருகப்பட்டுள்ளனவா என்பதை முதலில் பாருங்கள். டிரைவுக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பு கன்ட்ரோலரிடமிருந்து அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது.

இதுவரை செய்த சோதனைக்கு டிஎம்ஏவும் (கன்ட்ரோலர் நேரடியாக நினைவகத்தில் தரவை எழுதுவது) தேவையில்லை, இன்டரப்டும் (வேலை முடிந்தது என்று பிராசஸரை அழைப்பது) தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு புதிய பகுதியை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால், எந்தப் படியில் தடுக்கிறதோ அந்தப் பகுதிதான் குற்றவாளி.

எனவே அடுத்தது ஹெட்டர் படிப்பு. 774400இல் 10 எழுதி, 774406ஐப் படியுங்கள். ஹெட்டின் கீழே அப்போது எந்த செக்டர் ஓடியதோ அதன் முகவரி வரும். கீழ் ஆறு பிட் செக்டர் எண், அடுத்த பிட் ஹெட், மேல் ஒன்பது பிட் சிலிண்டர். ஹெட் ஏறியவுடன் சிலிண்டர் 0, ஹெட் 0 என்பதால் மதிப்பு 47க்குள் இருக்க வேண்டும் (ஒரு டிராக்கில் பதின்மத்தில் 40 செக்டர், 0 முதல் 39 வரை; 39 ஆக்டலில் 47). திரும்பத் திரும்பச் செய்தால் செக்டர் எண் மாறும், சிலிண்டர் மாறக்கூடாது. ஆர்எல் டிரைவுக்கு 'இத்தனையாவது சிலிண்டருக்குப் போ' என்று சொல்ல முடியாது; இப்போது எங்கே நிற்கிறாய் என்று ஹெட்டரைப் படித்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, 'இத்தனை டிராக் முன்னே போ' என்றுதான் ஹேண்ட்லர் சொல்கிறது. ஹெட்டரைத் தவறாகப் படித்தால் அதன் மேல் எழும் எல்லாக் கணக்கும் தவறும்.

இப்போது டிஎம்ஏ. நினைவகத்தில் 20000 என்ற இடத்தில் 125252 என்று அடையாளமாக எழுதி வையுங்கள். பிறகு வரிசையாக:

774402இல் 20000 (நினைவக முகவரி)
774404இல் 0 (சிலிண்டர் 0, ஹெட் 0, செக்டர் 0)
774406இல் 177600 (128 சொற்கள், எதிர்மறையாக)
774410இல் 0 (22 பிட் முகவரியின் மேல் பகுதி)
774400இல் 14 (படி, இன்டரப்ட் வேண்டாம்)

774400ஐத் திரும்பப் பார்த்தால் 000215 இருக்க வேண்டும். 20000இல் அடையாளம் மறைந்து புதிய தரவு வந்திருக்க வேண்டும். ஆர்டி-11 பூட் எழுதிய கார்ட்ரிட்ஜ் என்றால் முதல் சொல் 000240. இந்தச் சோதனை நினைவகத்தை மேலெழுதுவதால் முடிந்ததும் மறுபடி பூட் செய்ய வேண்டும்.

பிழை வந்தால் 774400இன் மேல் பிட்டுகள் காரணத்தைச் சொல்லும். தலையில் நிற்கும் 100000 மொத்தப் பிழைக்கான கொடி. 040000 இருந்தால் பிழை டிரைவினுடையது, நிலைச் சொல்லை மறுபடி கேளுங்கள். மற்றவை: 002000 செயல் முடியவில்லை, 004000 தரவின் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை, 006000 ஹெட்டரின் சிஆர்சி பிழை, 010000 தரவு தாமதம், 012000 ஹெட்டர் கிடைக்கவில்லை, 020000 இல்லாத நினைவகம். ஆர்டி-11இல் இந்த ஆறும் நிரலுக்கு ஒரே ஒரு 'ஹார்டு எர்ரர்' குறியாகத்தான் போய்ச் சேர்கின்றன. கேபிள் கழன்றதும், பரப்பு கீறியதும், நினைவகம் பதில் சொல்லாததும் திரையில் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான். ரிஜிஸ்டரைப் பார்க்காமல் செய்யும் எந்த ஊகமும் வீண்.

010000 வந்தாலோ, கன்ட்ரோலர் தயார் நிலைக்குத் திரும்பவே இல்லை என்றாலோ பஸ்ஸின் கிராண்ட் சங்கிலியைப் பாருங்கள். கியூ-பஸ்ஸில் (11/23இன் போர்டுகளை இணைக்கும் பஸ்) டிஎம்ஏ அனுமதியும் இன்டரப்ட் அனுமதியும் போர்டுக்குப் போர்டு கைமாறிப் போகின்றன. பிராசஸருக்கும் ஆர்எல்வி12க்கும் இடையில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அனுமதி அங்கேயே நின்றுவிடும். பாம்பு வரிசை பேக்பிளேன் என்றால் அரை அளவுப் போர்டுகளை வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று மாறி மாறி நிரப்ப வேண்டும். நேர்கோட்டில் அடுக்கினால் நடுவே ஓட்டை விழும். ஆர்க்யூடிஎக்ஸ்1 (இன்னொரு டிஸ்க் கன்ட்ரோலர்) போர்டும் இருந்தால் அது வரிசையில் கடைசியாக இருக்கட்டும், அது அனுமதியை அடுத்தவருக்குக் கடத்தாது. யூனிபஸ் என்ற வேறு வகை பஸ் உள்ள கணினியில் ஆர்எல்11 கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இதே கோளாறு வேறு உருவில் வரும்: போர்டு இருக்கும் ஸ்லாட்டின் பின்புறம் சிஏ1-சிபி1 கம்பியை எடுத்திருக்க வேண்டும், டிஎம்ஏ போர்டு இல்லாத ஸ்லாட்டில் அந்தக் கம்பி இருக்க வேண்டும். கூடவே பேக்பிளேனில் 5 வோல்ட் உண்மையிலேயே 5 வோல்ட்டாக இருக்கிறதா என்று சுமையோடு அளந்துவிடுங்கள்.

பழைய ஆர்எல்வி11 (எம்8013, எம்8014 என்ற இரட்டைப் போர்டு) பற்றி ஒரு வரி: அது 18 பிட் முகவரிதான் தரும். 256 கிலோபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் எக்ஸ்எம் மானிட்டரோடு (கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்தும் ஆர்டி-11 மானிட்டர்) அதை ஓட்டினால் தரவு தவறான இடத்தில் போய் விழ வழியுண்டு. சோதனைக்கு நினைவகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

டிஎம்ஏ படிப்பு சரியாக வந்துவிட்டது, ஆனாலும் ஆர்டி-11இல் உறைகிறது என்றால் மிச்சம் இருப்பது இன்டரப்ட் ஒன்றுதான். உங்கள் உறைதலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதையே. 'டைரக்டரி' கொடுத்து உறைந்த நிலையில் ஹால்ட் போட்டு 774400ஐப் பாருங்கள். 'ஜி' தட்டாதீர்கள், அது பஸ்ஸை மறுதுவக்கம் செய்து தடயத்தை அழித்துவிடும். தொடர வேண்டுமானால் 'பி'. மதிப்பு 000315 என்றால் கன்ட்ரோலர் வேலையை முடித்துவிட்டது, இன்டரப்ட் அனுப்பும் அனுமதியும் இருக்கிறது, ஆனால் ஹேண்ட்லருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. போர்டின் வெக்டர் ஜம்பரும் ஹேண்ட்லரின் வெக்டரும் வேறு வேறு, அல்லது இன்டரப்ட் அனுமதிச் சங்கிலி அறுந்திருக்கிறது. ஆர்எஸ் ரிஜிஸ்டரில் (பிராசஸரின் நிலைச் சொல்) 340 நின்றால் வேறு ஏதோ ஒன்று இன்டரப்டையே அடைத்து வைத்திருக்கிறது. மதிப்பு 000115 என்றால் கன்ட்ரோலர் இன்னும் முடிக்கவில்லை. டிஎம்ஏ படிக்குத் திரும்புங்கள். வராத இன்டரப்டுக்காக ஹேண்ட்லர் காத்துக்கொண்டே இருக்கும் என்பதால்தான் பிழைச் செய்தி எதுவும் வராமல் வெறுமனே உறைகிறது.

உறைந்தபோது எந்த பிளாக்கில் நின்றது என்பதையும் அறியலாம். முன்கூட்டியே 'லோட் டிஎல்' கொடுத்து, 'ஷோ மெமரி' காட்டும் டிஎல் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் சொல் 000160 என்று வெக்டராக இருந்தால் சரியான இடம். இருக்க வேண்டிய வெக்டர் வேறாக இருந்தால் கோளாறு அப்போதே அகப்பட்டுவிட்டது. ஐந்தாவது சொல், நடந்துகொண்டிருக்கும் கோரிக்கையைச் சுட்டும். அது சுட்டும் இடத்தில் உள்ள எண்தான் பிளாக் எண். ஐந்தாவது சொல் 0 என்றால் டிஎல்லிடம் வேலையே இல்லை, உறைதல் வேறெங்கோ.

இனி ஹேண்ட்லர் கோப்பு. சரியான மதிப்புகளை எழுத:

செட் டிஎல் சிஎஸ்ஆர்=174400
செட் டிஎல் வெக்டர்=160

இந்தக் கட்டளைகள் டிஸ்கில் உள்ள டிஎல்.எஸ்ஒய்எஸ் கோப்பைத்தான் மாற்றுகின்றன. நினைவகத்தில் ஏறியிருக்கும் பிரதி பழைய மதிப்போடேயே நிற்கும். 'அன்லோட்', 'ரிமூவ்', 'இன்ஸ்டால்' என்று வரிசையாகக் கொடுங்கள், அல்லது மறுபடி பூட் செய்யுங்கள்.

வேறு ஃபிளாப்பியிலிருந்து கோப்பைக் கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். அதில் மூன்று பொறிகள் உண்டு. வைல்டு கார்டு போட்டு நகலெடுத்தால் 'சிஸ்டம்' என்ற தெரிவைச் சேர்க்காதவரை எஸ்ஒய்எஸ் கோப்புகள் நகலாகாது. புதியது வந்துவிட்டதாக நினைத்துப் பழையதையே சோதித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, மானிட்டர் ஹேண்ட்லரைப் பெயரால் தேடுவதில்லை. கோப்பு தொடங்கும் பிளாக் எண்ணை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. கோப்பை மாற்றிய பின் மறுபடி பூட் செய்யாமல் பயன்படுத்தினால் அந்த பழைய பிளாக்கில் இப்போது என்ன இருக்கிறதோ அதையே ஹேண்ட்லர் என்று ஏற்றி ஓடவிடும். கோப்புகளை நகலெடுக்கும் பிப் நிரல் 'ரீபூட்' என்று எச்சரிப்பதன் காரணம் இதுவே, அதை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். மூன்றாவது, சிஸ்ஜென் (மானிட்டரை உருவாக்கும்போது செய்த தெரிவுகள்) பொருத்தம். கோப்பின் முதல் பிளாக்கில் 60ஆம் இடத்தில் எர்ரர் லாகிங், நினைவக மேலாண்மை, டிவைஸ் டைம்அவுட் ஆகியவற்றுக்கு 1, 2, 4 என்று பிட்டுகள் உண்டு. அவை மானிட்டரோடு ஒத்துப்போகாவிட்டால் இன்ஸ்டால் ஆகாது. 'டம்ப்/டெர்மினல்' கொண்டு பார்க்கலாம்: 060 வரிசையின் முதல் சொல் சிஸ்ஜென் பிட்டுகள், 160 வரிசையின் கடைசிச் சொல் சிஎஸ்ஆர். மானிட்டர் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை 'ஷோ கான்ஃபிகரேஷன்' சொல்லும். எக்ஸ்எம் மானிட்டர் தேடுவது டிஎல்எக்ஸ்.எஸ்ஒய்எஸ் என்பதையும் மறக்க வேண்டாம், டிஎல்.எஸ்ஒய்எஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதன் கண்ணில் படாது. டிவைஸ் பட்டியலில் இடம் நிரம்பியிருந்தாலும் இன்ஸ்டால் மறுக்கப்படும். பயன்படாத ஒன்றை 'ரிமூவ்' செய்யுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பரப்பைச் சோதியுங்கள். 'செட் டிஎல் ரீட்ரை=1' கொடுத்து ஹேண்ட்லரை மறுபடி ஏற்றினால், பலமுறை முயன்று மறைக்கப்பட்டுவந்த பலவீனமான இடங்கள் வெளியே வரும். பிறகு 'டைரக்டரி/பேட்பிளாக்ஸ் டிஎல்0:'. வரும் பிளாக் எண்ணை (பதின்ம எண்ணில்) 40ஆல் வகுத்தால் ஈவு சிலிண்டர். மீதி 20க்குக் கீழே என்றால் ஹெட் 0, இல்லையேல் ஹெட் 1. எடுத்துக்காட்டாக பிளாக் 4310 என்றால் சிலிண்டர் 107, மீதி 30, ஹெட் 1. பிழைகள் எல்லாம் ஒரே ஹெட்டில் என்றால் ஹெட்டையோ அதன் பெருக்கியையோ பாருங்கள், கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தடுத்த சில சிலிண்டர்களில் மட்டும் என்றால் பரப்பில் கீறல். ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் கேபிள், மின்சாரம், ஹெட் நிலை.

பிழையான பிளாக் சில மட்டும் என்றால் 'இனிஷியலைஸ்/ரீப்ளேஸ்' போதும்; அது டிஸ்கில் உள்ளதை எல்லாம் அழிக்கும் என்பதால் முதலில் நகலெடுத்துக்கொண்டு, ரைட் புரொடெக்டை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஆர்எல்லில் அதிகபட்சம் 10 பிளாக்குக்கு மாற்று இடம் உண்டு. ஆர்எல்02இன் அளவு 20480க்குப் பதில் 20450 பிளாக் என்று ஆர்டி-11 காட்டுவதும் இதனால்தான்: 20 பிளாக் கடைசி டிராக்கின் பழுதுப் பட்டியலுக்கு, 10 மாற்று இடத்துக்கு. மாற்றுப் பட்டியல் பிளாக் 1இல் இருக்கிறது. எனவே வெளிக் கணினியில் வைத்திருக்கும் ஒரு டிஸ்க் பிம்பத்தை அப்படியே முழுதாக இன்னொரு கார்ட்ரிட்ஜில் இறக்கினால், வேறொரு கார்ட்ரிட்ஜின் பழுதுப் பட்டியலும் சேர்ந்து வந்து உட்காரும். அதற்குப் பதில் புதிய கார்ட்ரிட்ஜை இனிஷியலைஸ் செய்து கோப்புகளாக நகலெடுங்கள். ஆர்எல் கார்ட்ரிட்ஜைப் பலமான காந்தத்தால் அழித்து மறுபடி ஃபார்மேட் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹெட்டை வழிநடத்தும் சர்வோ தகவல் தொழிற்சாலையில் எழுதப்பட்டது; டிரைவால் அதைத் திரும்ப எழுத முடியாது.

கடைசியாக, ரீட்ரை மதிப்பை 8க்குத் திருப்பிவிட்டு, சிஸ்டம் கோப்புகளை டிஎல்0க்கு நகலெடுத்து, 'காப்பி/பூட் டிஎல்0:ஆர்டி11எஃப்பி.எஸ்ஒய்எஸ் டிஎல்0:' கொடுங்கள். பூட் பிளாக்கில் உட்காரும் சிறு டிரைவர் நிரல் ஹேண்ட்லர் கோப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே டிஎல்0இல் இருக்கும் டிஎல்.எஸ்ஒய்எஸ் கோப்பில் எப்போது எதை மாற்றினாலும் இந்தக் கட்டளையை மறுபடி கொடுத்த பிறகே அங்கிருந்து பூட் செய்யுங்கள்.